நைஸ் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மாலை நேர ஆங்கில வகுப்பும்தான் என் பிழைப்பு. வகுப்பில் அதிகம் கேட்கப்படும் சொல், ஷேக்ஸ்பியர் காலத்துக் கடினச் சொல் ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த 'நைஸ்'தான். கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லாக வரும் இடத்தில் 'நைஸ்' என்றும், தமிழோடு கலந்துவிட்ட இடத்தில் 'நைசாக' என்றும் எழுதுகிறேன். அச்சில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

நைஸ் என்றால் 'நல்ல' என்றுதானே பொருள்? இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?

பள்ளி அகராதி அப்படித்தான் சொல்கிறது. தேர்வுக்கு அது போதும். பேசவும் மொழிபெயர்க்கவும் போதாது. இந்தச் சொல் தனக்கென்று அதிகம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் எந்தச் சொல் வந்து உட்காருகிறதோ அதன் நிறம் இதில் ஏறிவிடும். 'நைஸ் மீல்' என்றால் ருசியான சாப்பாடு. 'நைஸ் ஷர்ட்' என்றால் எடுப்பான சட்டை. 'நைஸ் நெய்பர்' என்றால் அனுசரணையான பக்கத்து வீட்டுக்காரர். 'நைஸ் வெதர்' என்று லண்டன்காரர் சொன்னால் வெயில் அடிக்கிறது என்று அர்த்தம். மே மாதத்தில் வேலூர்க்காரர் அதையே சொன்னால் வானம் மூட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் 'நல்ல' என்றே போட்டாலும் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உப்புப் போடாத கஞ்சி போல இருக்கும். மொழிபெயர்க்கும்போது என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் எது நன்றாக இருக்கிறது? ருசியா, தோற்றமா, குணமா, தட்பவெப்பமா? அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுவிடுவேன்.

இந்தச் சொல்லுக்கு முதலில் 'முட்டாள்' என்று பொருள் இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நெ' என்பது இன்மை. 'ஸ்கிரே' என்பது அறிதல். அந்த 'ஸ்கிரே'யிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். அதாவது சயின்ஸும் நைஸும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று அறிவு, மற்றது அறியாமை. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ஒருவனை நைஸ் என்று சொன்னால் அவன் சண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மடமை என்பது மெல்ல மெல்ல எதற்கெடுத்தாலும் சிணுங்கும் குணமாயிற்று. சிணுங்கல் மென்மையாயிற்று. மென்மை நுண்மையாகவும், நுண்மை துல்லியமாகவும் மாறின. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இன்றைய 'இனிமையான' என்ற பொருள் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ நானூற்று ஐம்பது ஆண்டுப் பயணம்.

நமக்கு இது புதிதல்ல. 'நாற்றம்' என்ற சொல் திருக்குறளில் நறுமணம்; 1274-ஆம் குறளில் மொட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். எதிர்த்திசையில் போனதும் உண்டு. 'களித்தான்' என்றால் குறள் 929-இல் கள் குடித்து மயங்கியவன். இன்று கல்யாண வீட்டில் எல்லோரும் களிப்பாக இருந்தார்கள் என்று எழுதினால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. இலக்கண ஆசிரியர்கள் முதலாவதை இழிபொருட்பேறு என்றும் இரண்டாவதை உயர்பொருட்பேறு என்றும் சொல்வார்கள். நைஸ் களிப்பின் கட்சி.

என் கண்ணுக்கு இதற்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் 'பேதை'. அறிவில்லாதவரும் பேதை, கள்ளம் அறியாத இளம்பெண்ணும் பேதை. நைஸ் நடந்து வந்த பாதையின் பாதித் தூரம் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

மாவு மில்லில் 'நைஸாக அரைத்துத் தாருங்கள்' என்கிறோமே, அது இந்த நைஸ்தானா?

இந்த நைஸ்தான். ஆனால் அதை ஓர் ஆங்கிலேயரிடம் அப்படியே சொன்னால் அவருக்குப் புரியாது. நாம் மில்லில் நைஸ் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் 'ஃபைன்' என்றுதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போன ஓர் அம்மாள் கடையில் நைஸ் மாவு கேட்டிருக்கிறார். கடைக்காரர், எங்களிடம் இருப்பது எல்லாமே நைஸ் மாவுதான் என்று சற்று மனத்தாங்கலோடு சொன்னாராம்.

எங்கள் தெரு முனை மில்லில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நின்று பாருங்கள். அரிசித் தூக்கை இறக்கி வைத்ததும் மில்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நைசாகவா, ரவையாகவா?" முறுக்கு என்றால் நைஸ். புட்டு என்றால் கொஞ்சம் தளர்வு. அவர் கைப்பிடியைத் திருகிக் கல்லை இறுக்குவார். பெல்ட் ஓடத் தொடங்கியதும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. இயந்திரத்தின் வாயில் கட்டிய துணிப்பை புடைத்துக்கொண்டு நிற்க, முதல் பிடி மாவு சூடாக விழும். அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். நெருடினால் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கால் சுற்று. நெருடாமல் வழுக்கினால், அதுதான் நைஸ். அகராதி எழுதுகிறவர்கள் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே வந்து பொருளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் பரப்பி ஆறவைக்கும்போது பாட்டி வருவார். அவர் நைஸ் என்று சொல்ல மாட்டார். "மைய அரைபட்டிருக்கிறதா?" என்பார்.

அப்படியானால் நைஸ் வருவதற்கு முன் தமிழில் இதற்குச் சொல் இல்லையா?

ஒன்றல்ல, ஒரு படிக்கட்டே இருந்தது, இன்றும் இருக்கிறது. மிளகை 'ஒன்றிரண்டாக' இடிப்பது முதல் படி. அதற்கு மேல் 'கொரகொரப்பாக', அடைமாவுக்கு உரியது. பிறகு 'ரவைப் பதம்', இட்லி அரிசிக்கு. பிறகு 'வழுவழுப்பாக', உளுந்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலே 'மை போல', துவையலுக்கும் பச்சிலை மருந்துக்கும். சித்த மருத்துவ நூல்களில் 'வஸ்திரகாயம் செய்து' என்று வரும். துணியில் சலித்தெடுத்த தூள். இத்தனை இருந்தும் நைஸ் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

உட்கார இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்பது என் கட்சி. 'நைதல்' என்றால் குழைதல், நசிதல். துணி நைந்துபோகிறது, திருடனை நையப் புடைக்கிறார்கள். ஒலி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வந்த சொல்லின் மேல் அந்நிய வாடை தெரியவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

'மூதாட்டியிடம் நைசாகப் பேசி நகை பறிப்பு' என்று செய்தித்தாளில் வருகிறது. திருடன் எப்படி நைஸ் ஆவான்?

ஆங்கிலத்தில் ஆக மாட்டான். 'நைஸ்லி' பேசினான் என்று எழுதினால் மரியாதையாகப் பேசினான் என்றுதான் ஆங்கிலேயர் படிப்பார். நகை ஏன் போயிற்று என்று விளங்காமல் விழிப்பார். தமிழில் நைசாக என்பதற்குள் ஒரு கள்ளம் புகுந்துகொண்டது. நைசாக நழுவினார் என்றால் யாரும் கவனிக்காதபடி போய்விட்டார். நைசாகக் கேட்டுப் பார் என்றால் நோகாமல், நோக்கம் தெரியாமல் கேள். நைசாகக் காசை வாங்கிவிட்டான் என்றால் கொடுத்தவனுக்கே கொடுத்தது தெரியவில்லை.

இதற்கு முன்னோடி தமிழிலேயே இருக்கிறது. அந்தச் சொல் 'நயம்'. நினைத்துப் பாருங்கள். நயம் சரக்கு என்றால் உயர்ந்த ரகம். நயமாகப் பேசினார் என்றால் இதமாகப் பேசினார். நயமாகப் பேசி ஏமாற்றினான் என்பதும் அதே நயம்தான். ஒரு படி கீழே இறங்கினால் நயவஞ்சகம். சொல்நயம், பொருள்நயம் என்னும்போது நுட்பம். தரம், இதம், நுட்பம், தந்திரம் நான்கும் ஒரு சொல்லில் இருக்கின்றன. ஆங்கில நைஸ் இதில் மூன்றைத் தன் வாழ்நாளில் வெவ்வேறு காலத்தில் தொட்டிருக்கிறது. தந்திரத்தை மட்டும் தமிழுக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டது. நயம் போட்டு வைத்திருந்த தடத்தில் நைஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டது என்பேன். ஆகவே 'நல்ல' என்று எழுதிக் கை சலிக்கும்போது 'நயம்' பொருந்துமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பொருந்தும்.

'நுட்பமான' என்ற பழைய பொருள் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டவன் நான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தீர்ப்பின் சில பக்கங்களை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். அதில் 'அ நைஸ் கொஸ்சன் ஆஃப் லா' என்று ஒரு தொடர். கொஞ்சமும் தயங்காமல் 'ஓர் அழகிய சட்டக் கேள்வி' என்று எழுதினேன். அழகிய என்று போட்டதில் ஒரு பெருமை வேறு. சரிபார்த்த மூத்த வழக்கறிஞர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் தம்பி, கேள்வி அவ்வளவு அழகாக இருந்தால் பெண் பார்க்கப் போகலாமா?" என்றார். பிறகு அவரே சிவப்பு மையில் 'நுட்பமான சட்டப் பிரச்சினை' என்று திருத்தினார். இரண்டு பக்கமும் வலுவான வாதம் இருக்கிறது, மயிரிழையில்தான் வேறுபாடு, எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் வழக்கறிஞர்கள் அந்த நைஸைச் சொல்கிறார்கள்.

'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பதும் அப்படியே, நுண்ணிய வேறுபாடு. இதன் பெயர்ச்சொல்லான 'நைசிட்டி' இன்றும் நுணுக்கம் என்ற பொருளில்தான் வழங்குகிறது. கட்டுரையில் நைஸுக்குப் பின்னால் கேள்வி, வேறுபாடு, சமநிலை போன்ற சொற்கள் வந்தால் கொஞ்சம் நின்று நிதானியுங்கள்.

ஒருவரை 'நைஸ் பெர்சன்' என்று சொன்னால் அது பாராட்டா?

பாராட்டுத்தான். ஆனால் எடை குறைந்தது. தரகர் வந்து "பையன் நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தினால் பெண் வீட்டார் என்ன செய்வார்கள்? "அது சரி, என்ன வேலை?" என்பார்கள். ஆங்கிலத்தில் நைஸும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பரிந்துரைக் கடிதத்தில் 'நைஸ் பாய்' என்று மட்டும் எழுதியிருந்தால், சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். உழைப்பாளியா, நேரம் தவறாதவரா, கணக்கில் கெட்டிக்காரரா, அதை எழுதுங்கள்.

'நைஸ்' வேறு, 'கைண்ட்' வேறு. பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் நைஸ். உங்கள் பெட்டியைத் தூக்கி இறக்கிக் கொடுத்தவர் கைண்ட். 'குட்' இவை இரண்டையும்விடக் கனமானது. அது அறத்தைத் தொடும். நைஸாகப் பழகும் ஒருவர் குட் ஆக இல்லாமல் இருக்கலாம், எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 1946-இல் அமெரிக்க பேஸ்பால் மேலாளர் லியோ டூரோச்சர் எதிரணியைப் பற்றிச் சொன்னதைச் சுருக்கி, 'நைஸ் ஆட்கள் கடைசியில்தான் வருவார்கள்' என்று ஒரு வழக்கையே உண்டாக்கிவிட்டார்கள். அங்கே நைஸ் என்றால் ஏமாளி. ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய பழைய பொருள் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் 'ஐ ஆம் நைஸ்' என்று சொல்லலாமா?

கூடாது. 'நான் நல்ல குணமுள்ளவன்' என்று நீங்களே உங்களைச் சொல்லிக்கொள்வதாக ஆகிவிடும். நலம் என்பதற்கு 'ஃபைன்'.

'நைஸ் டு மீட் யூ' எப்போது, 'நைஸ் டு சீ யூ' எப்போது?

முதல் தடவை அறிமுகமாகும்போது 'மீட்'. இரண்டாம் தடவையிலிருந்து 'சீ'. ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவரிடம் 'நைஸ் டு மீட் யூ' என்று சொன்னால், என்னை மறந்துவிட்டாயா என்று உள்ளுக்குள் வருத்தப்படுவார். விடைபெறும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. அங்கே 'டு' வராது.

இதற்குத் தமிழில் அப்படியே ஒரு தொடர் தேடாதீர்கள். 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்பது மேடைத் தமிழ். வீட்டுக்கு வந்தவரை "வாங்க, வாங்க" என்கிறோம். போகும்போது "போய் வாருங்கள்" என்கிறோம். அந்த வேலையைத்தான் அந்த ஆங்கிலத் தொடர்கள் செய்கின்றன. அமெரிக்கக் கடைகளில் சொல்லும் 'ஹேவ் அ நைஸ் டே' என்பதும் 'போய் வாருங்கள்' தான். அதற்கு மேல் அதில் தோண்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.

'சாப்பிட்டு நைஸ்லி தூங்கினேன்' என்று எழுதினால் சரியா?

இது 'நன்றாக' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வருவது. நன்றாகத் தூங்கினேன் என்பதற்கு 'வெல்'. நன்றாகப் படி என்பதற்கு 'ஹார்ட்'. 'நைஸ்லி' என்ற சொல்லுக்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிள்ளையிடம் 'ஆஸ்க் நைஸ்லி' என்றால் மரியாதையாகக் கேள், அடம் பிடிக்காதே. நோயாளி 'டூயிங் நைஸ்லி' என்றால் தேறி வருகிறார்.

ஒருவர் நம்மிடம் நன்றாக நடந்துகொண்டார் என்று சொல்லும்போது 'நைஸ் டு மீ' என்றுதான் வர வேண்டும். செய்த காரியத்தைப் பாராட்டும்போது 'நைஸ் ஆஃப் யூ'. "வந்தது உங்கள் பெருந்தன்மை" என்று கல்யாண வீட்டில் சொல்வோமே, அது.

'நைஸ் அண்ட் ஹாட்' என்கிறார்கள். அதில் 'அண்ட்' எதற்கு?

அலங்காரத்துக்கு. இரண்டு தனிக் குணங்களைச் சொல்லவில்லை. காபி 'நைஸ் அண்ட் ஹாட்' என்றால் நல்ல சூடு. தமிழில் 'நல்ல' செய்யும் வேலையையே அந்த 'நைஸ் அண்ட்' செய்கிறது: நல்ல பசி, நல்ல தூக்கம், நல்ல மழை. ஆனால் நம் 'நல்ல'வுக்குத் தைரியம் அதிகம். நல்ல அடி, நல்ல வெயில், நல்ல ஏமாற்று என்று வேண்டாததற்கும் வரும். ஆங்கிலத் தொடர் வேண்டியதற்கு மட்டும்தான் வரும். வேண்டாததற்கு வந்தால் கிண்டல்.

பெயரடைகளை அடுக்கும்போது நைஸ் முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நைஸ் பிக் ஹவுஸ்' சரி; 'பிக் நைஸ் ஹவுஸ்' காதுக்கு இடறும். பேசுகிறவரின் அபிப்பிராயம் முதலில், அளவும் நிறமும் பிறகு. தமிழில் 'பெரிய அழகான வீடு', 'அழகான பெரிய வீடு' இரண்டுக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதனால்தான் நம் மாணவர்கள் இதில் தவறுகிறார்கள்.

கிண்டலாகச் சொல்லும் நைஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

குரலில்தான். எழுத்தில் வந்தால் சூழலில். கையில் இருந்த தட்டை ஒருவர் கீழே போட்டு உடைக்கிறார். பக்கத்தில் இருப்பவர் 'நைஸ்' என்கிறார். இதற்கு அகராதி வேண்டாம். நாமும் "அழகுதான் போ" என்போம். 'நைஸ் ட்ரை' சில சமயம் ஆறுதல், சில சமயம் 'உன் தந்திரம் என்னிடம் பலிக்காது'. பிள்ளை வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கும்போது வீட்டில் சொல்வது இரண்டாவது.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. நீங்கள் உற்சாகமாக ஏதோ சொல்லி முடிக்கும்போது எதிரில் இருப்பவர் 'தட்ஸ் நைஸ்' என்று மட்டும் சொன்னால் அது கிண்டலும் அல்ல, பாராட்டும் அல்ல. "அப்படியா, சரி சரி" என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் தாத்தா சொல்வாரே, அதன் ஆங்கிலம்.

கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதாதே என்று ஆசிரியர் அடித்துவிடுகிறார். ஏன்?

உங்கள் ஆசிரியருக்கு இருநூறு ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவல் அவர் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்தது. அதில் கதாநாயகி ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லிவிட, ஹென்றி டில்னி என்ற இளைஞன் அவளை விடாமல் கிண்டல் செய்கிறான். இந்த நாளும் நைஸ், நம் நடையும் நைஸ், நீங்களும் நைஸ், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமே என்கிறான். புதுப் பொருள் அப்போதே தேய்ந்துவிட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு 1926-இல் எச். டபிள்யூ. ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில், பெண்கள் அளவுக்கு மீறிக் கொஞ்சியதால் இந்தச் சொல் தன் தனித்தன்மையை இழந்துவிட்டது என்று எழுதினார். ஆண்கள் அதை விலக்கி வைத்திருந்தார்கள் என்பது போல! பழியை மட்டும் பெண்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் வகுப்பில் நான் அடிப்பதில்லை. பேச்சில் நைஸ் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. எழுத்தில் மட்டும் ஒரு பக்கத்தில் இரண்டாவது நைஸ் வந்தால் பென்சிலால் சுழிப்பேன். பயணக் கட்டுரையில் 'கொடைக்கானல் வாஸ் வெரி நைஸ்' என்று எழுதிய பெண்ணிடம், எது நைஸ் என்று கேட்டேன். "ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தூவிய சோளம் தின்றோம், மூடுபனியில் அப்பாவின் தொப்பி மட்டும் தெரிந்தது" என்றாள். அதை எழுது என்றேன்.

'நீஸ்' என்று சிலர் உச்சரிக்கிறார்களே, எது சரி?

சொல்லைப் பொறுத்தது. பெயரடை என்றால் நைஸ். பிரான்சின் தென்கரையில் இருக்கும் நகரத்தை அதே எழுத்துகளால்தான் எழுதுவார்கள், ஆனால் அது நீஸ். உடன்பிறந்தவரின் மகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நீஸ்தான். அதில் ஓர் எழுத்து கூடுதல். அதை விட்டுவிட்டு, என் நைஸ் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று கடிதம் எழுதும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது கிடைப்பார்.

இன்னொரு இரட்டையும் உண்டு. வரிவரியாக இருக்கும் ஒரு பாறை வகைக்கும் நைஸ் என்றே ஆங்கில உச்சரிப்பு. எழுத்து முற்றிலும் வேறு. பெங்களூரு லால்பாக் தோட்டத்துக் குன்று அந்தப் பாறைதான், வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. லத்தீன் முட்டாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய குழி ஒன்று வணிகச் சின்னச் சட்டத்தில் இருக்கிறது. 1957-இல் நீஸ் நகரத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 2019-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதை 'நைஸ் வகைப்பாடு' என்று எழுதுவதே தவறு. 'நல்ல வகைப்பாடு' என்று ஒரு வரைவில் பார்த்தேன், என் பழைய அழகிய சட்டக் கேள்வி நினைவுக்கு வந்தது. மில்லில் அரைத்த மாவைப் பாக்கெட் போட்டுப் பெயர் பதிவு செய்யப் போனால் 30-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். நைஸ் மாவுக்கு நீஸ் வகுப்பு.

கணினியில் 'நைஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறதாமே?

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை தெரிந்திருக்கிறது. ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும்போது எதற்கு முன்னுரிமை என்பதை ஓர் எண் சொல்லும். -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட அந்த வேலை மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்கும், அதாவது மேலும் நைஸ். பந்தியில் "நீங்கள் முதலில் உட்காருங்கள், நான் அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நிற்பவருக்கு 19. இலை போடும் முன்பே உட்கார்ந்துவிடுபவருக்கு -20. சாதாரணப் பயனர் தன் வேலையை இன்னும் நைஸ் ஆக்கலாம். சுழியத்துக்குக் கீழே இறக்கும் அதிகாரம் வழக்கமாக நிர்வாகிக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று: நைஸ் பிஸ்கட்டில் இருப்பது எந்த நைஸ்?

சர்க்கரை தூவி, தேங்காய் மணத்தோடு, நடுவில் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைப் பதித்து விற்பது. நகரத்தின் பெயரா, பெயரடையா என்று பிரிட்டனில் இரண்டு கட்சிகளாக இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். நீஸ் கட்சிக்காரர்கள் கொஞ்சம் கண்டிப்பானவர்கள். நம் டீக்கடைகளில் நீஸ் பிஸ்கட் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பன் எடுத்துக் கொடுப்பார்.